வாய்க்கால் ஓரத்துக் கத்தரி

அறுவடையன்று தோட்டத்தில் இருந்தவர்கள்: நான், என் தம்பி, என் மருமகள், கருப்புக் கல்லும் கயிறுமாக விதைச்சித்தர், அந்தக் கல்லைக் கும்பிட வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள். வராதவர்கள்தான் இன்று அதிகம் பேசுகிறார்கள்.

சித்தர் கயிற்றில் தொங்கும் கல்லைச் சுழற்றி ஓதிய விதை இரட்டிப்பாகக் காய்க்குமாம். அதற்கு முந்தைய போகம் எங்கள் தோட்டத்திலேயே அப்படிக் காய்த்தது. ஒரு நிபந்தனை: அதை வாய்க்கால் ஓரத்தில்தான் நட வேண்டும்.

"என் விதைக்கு மூச்சு முட்டக்கூடாது" என்றார். ஞானம் பெற்ற விதை அல்லவா, கூட்டம் ஆகாது.

தம்பி மயங்கிவிட்டான். "அண்ணே, அப்பா விதைக்கு வயசாயிடுச்சு. தூக்கிப் போட்டுடலாம்."

எங்கள் தகப்பனார் ஆயுள் முழுதும் பொறுக்கியெடுத்த கத்தரி ரகம் அது.

காய்கறி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்க்கும் மருமகள் குறுக்கே வந்தாள். "சின்ன மாமா, ஒரு போகம் பொறுங்க. ரெண்டு விதையையும் பல பாத்தியில சீட்டுக் குலுக்கி நடுவோம். எது எங்கேன்னு யாருக்கும் சொல்லமாட்டோம். சராசரி எடை பேசட்டும்."

கல்லைக் கும்பிட வந்த கூட்டத்துக்கு முன்னால் சித்தர் மறுக்க முடியுமா? "எங்க நட்டாலும் என் கல்லு கண்டுபிடிக்கும்."

நட்டது நானும் மருமகளும் மட்டும்.

அறுவடையன்று சித்தர் கல்லை ஆட்டியபடி நடந்தார். கல் பாத்திகளைச் சீந்தவில்லை. நேராக வாய்க்கால் ஓரம் போய்க் கிறுகிறுவென்று சுற்றியது. செடிகள் காய்ப்பாரத்தில் வளைந்து கிடந்தன.

"இதோ என் பிள்ளைங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கய்யா" என்றாள் மருமகள்.

"பெத்தவனுக்குத் தெரியாதா?"

"ஓரத்தைச் சீட்டுல சேக்கலைங்கய்யா, அது பூரா எங்க தாத்தா விதை. ஒரு பக்கம் போட்டிக்குச் செடி இல்ல. வெயிலும் தண்ணியும் அதிகம். அங்க எதை நட்டாலும் இப்படித்தான் காய்க்கும். உங்க பிள்ளைங்க உள்பாத்திகள்ல இருக்காங்க."

உள்ளே இருந்ததைத் தராசில் போட்டோம். இரண்டு விதைக்கும் சராசரியில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. கல் சுற்றுவதை நிறுத்தியது. சித்தரின் தலை சுற்றத் தொடங்கியது.

"அப்ப போன போகம் காய்ச்சது?" என்றான் தம்பி.

"வாய்க்கால் காய்ச்சது, சின்ன மாமா."

அப்பா ரகம் தோட்டத்தில் நிற்கிறது. தம்பிதான் தண்ணீர் பாய்ச்சுகிறான்.

இப்போது ஒரு வதந்தி: எங்கள் வீட்டுப் பெண் கைபட்டதால் சித்தரின் விதைக்குச் சக்தி போய்விட்டதாம். தவறு. எதுவும் போகவில்லை. போவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. சந்தேகமிருந்தால் விதையை நடுப்பாத்தியில் நட்டு, மூளையையும் கொஞ்சம் வெயிலில் வைத்துப் பாருங்கள்.