மீதி இல்லாத எண்

அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீபெரும்புதூர்க் கோயிலைவிட லாட்ஜ் மாடியில்தான் கூட்டம். அங்கே எண்சித்தர் வனமாமலை வீற்றிருந்தார். எதிரே, காருக்கு ஒயர் பின்னும் கம்பெனியின் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நாற்காலிகள் கான்ட்ராக்டர் உபயம். பக்தி யாருக்கு எப்போது பிறக்கும் என்று யார் கண்டது?

வித்தை எளிது. கம்பெனி தந்த மூன்று இலக்க டோக்கன் எண்ணை அடுத்தடுத்து இரண்டு முறை எழுத வேண்டும். அந்த ஆறிலக்க எண்ணை ஏழால் வகுத்து, விடையைப் பதினொன்றால், பிறகு பதின்மூன்றால் வகுக்க வேண்டும். ஒரு தடவைகூட மீதி வராது. கடைசியில் டோக்கன் எண்ணே வந்து நிற்கும்.

சங்கரன்கோவில் மாரிசெல்வி தன் கால்குலேட்டரில் 286286 என்று போட்டாள். 40898. 3718. 286. கால்குலேட்டரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"மீதி இல்லேன்னா குறை இல்லே தாயி. வேலை தானா நிரந்தரமாகும். எந்த மனுவுலயும் கையெழுத்துப் போட்டுடாதே, எண் கலைஞ்சிடும்" என்றார் சித்தர். தட்சணை ஐம்பத்தொரு ரூபாய்.

மனு ஒன்று இருக்கத்தான் செய்தது. வேலை நிரந்தரம் கேட்டு மறுநாள் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டியது. அறுபது கையெழுத்து தேவை, விழுந்தது பதினொன்று. மற்றவர்கள் எண் கலையாமல் காத்துக்கொண்டிருந்தார்கள். மாசக் கடைசியில் மாரிசெல்வியின் ஒப்பந்தம் முடிகிறது. அப்புறம் ஊருக்குப் பஸ்தான்.

மனுவோடு மாடியேறி வந்தாள் அதே லைனில் வேலை பார்க்கும் தண்டலத்துப் பாஞ்சாலி. வாதாடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் நம்பர் கெடக்கட்டும். தங்கமாரி நம்பர் இன்னா?"

மாரிசெல்வி மறுபடி கால்குலேட்டரை எடுத்தாள். தங்கமாரி அவளுக்கு அடுத்த இருக்கையில் ஒயர் பின்னியவள். 437. வகுத்துப் பார்த்தாள். 62491. 5681. 437. மீதியே இல்லை.

எழுந்து போய்க் காட்டினாள். "இந்த எண்ணுக்கு என்ன பலன் சாமி?"

"நிரந்தரம். எழுதி வச்சுக்க."

"இவளைப் போன மாசமே வேலைய விட்டு நிறுத்திட்டாங்களே சாமி."

சித்தர் தண்ணீர் கேட்டார். குடித்தார். அது பூர்வ ஜென்மத்து மீதி என்றார்.

"இந்த ஜென்மத்துல வகுத்ததுக்கே மீதி வரலியே சாமி" என்றாள் பாஞ்சாலி.

மாரிசெல்வி இதைக் காதில் வாங்கவில்லை. ஏழைப் பதினொன்றாலும் பதின்மூன்றாலும் பெருக்கிக்கொண்டிருந்தாள். 1001. அதை 437ஆல் பெருக்கினாள். 437437.

"அக்கா, ரெண்டு தடவை எழுதுதது ஆயிரத்தி ஒண்ணால பெருக்குததுதான். இவரு அதையே திரும்ப வகுக்காரு. எந்த எண்ணப் போட்டாலும் அதுவேதான வரும்."

பக்கத்து நாற்காலிக்காரி 100 போட்டுப் பார்த்தாள். அதற்கடுத்தவள் 999. வரிசையாகச் சிரிப்பு பரவியது. சித்தர் பூஜைக்கு நேரமாகிவிட்டது என்று பின்படியில் இறங்கினார். மாரிசெல்வி பேனா கேட்டாள். மாலைக்குள் மனுவில் எழுபத்திரண்டு கையெழுத்து.

அத்தனை பேர் கையிலும் கால்குலேட்டர் இருந்தது. அத்தனை பேரும் சரியாகத்தான் வகுத்தார்கள். 'ஏன்' என்று கேட்க அதில் பொத்தான் இல்லை. அதை மனிதன் தன் தலையில்தான் தேட வேண்டும்.