ஷ்லீரன் குதிரைப்படையின் கப்டன்

ஒரு குதிரையும் இல்லாமல் முப்பத்தைந்து வருஷம் குதிரைப்படை நடத்திய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் சுவிஸில், ஷ்லீரன் என்ற ஊரில், எங்கள் கட்டடத்தின் கீழ்த்தட்டில் இருந்தார். சொந்தப் பெயர் தபால்பெட்டியில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் கப்டன் அண்ணை. போன வருஷம் காலமாகிவிட்டார்.

நான் பயந்த பிறவி. ரயிலில் டிக்கெட் பார்க்கிறவர் வந்தால், டிக்கெட் கையில் இருந்தாலும் எனக்கு வியர்க்கும். அரசாங்கத்திடமிருந்து ஜன்னல் வைத்த கடித உறை வந்தால் அதை மேசையில் வைத்து ஒரு நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டுத்தான் திறப்பேன்.

அவரை முதன்முதலில் கண்டது பேர்ணில், எங்களை வைத்திருந்த அகதி காம்பில். சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு டீவி இருந்தது. பின்னேரம் இரண்டு மணிக்கு அதில் பழைய அமெரிக்கத் தொடர் ஒன்று போகும். வெறுங்காட்டில் மரத்தால் கட்டிய கோட்டை, அதற்குள் நீலச் சட்டைக் குதிரைப்படை, சாம்பல் கையுறை போட்ட ஒரு மேஜர், வெளியே அந்த மண்ணின் செவ்விந்தியச் சனம். எல்லோரும் டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில், கதைப்பார்கள். எங்களில் ஒருவருக்கும் டொச் தெரியாது. மூன்று மணிக்குக் கடிதம் கொடுப்பார்கள். ‘நெகட்டிவ்’ என்று வந்தால் நாட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தைப் போக்க எல்லோரும் டீவிக்கு முன்னால் போய் இருந்துவிடுவோம்.

முன் கதிரையில் இருந்து இவர் மொழிபெயர்ப்பார்.

“மேஜர் என்ன சொல்லுறார், அண்ணை?”

“வீட்டில இருந்து காயிதம் வரேல்லையாம். மனுசன் மூண்டு நாளா நித்திரை கொள்ளேல்லை.”

“பக்கத்தில நிக்கிற தடியன்?”

“அவரை இன்னும் விசாரணைக்கே கூப்பிடேல்லையாம்.”

கோட்டையில் இருந்த அத்தனை பேரும் எங்களைப் போலவே கடிதத்துக்குக் காத்திருந்தார்கள். எனக்கு அது பெரிய ஆறுதல். பல வருஷம் கழித்து அதே தொடரை மறுபடியும் போட்டார்கள். அப்போது எனக்குக் கொஞ்சம் டொச் பிடிபட்டிருந்தது. மேஜர் கதைத்தது முழுக்க லாடத் தட்டுப்பாட்டைப் பற்றி.

ஒரு நாள், எங்களோடு காம்பில் இருந்த பவளக்கா ஒரு கேள்வி கேட்டா. யாழ்ப்பாணத்தில் கோட்டைக்குள் ஆமி, வெளியில் நாங்கள். அங்கிருந்து வந்த ஷெல்லில்தான் அவவின் வீடு போனது.

“அண்ணை, உந்தக் கோட்டைக்குள்ள நிக்கிறதும் ஆமிதானே. நாங்கள் என்னத்துக்கு அவங்களுக்காக அழுறம்? வெளியில நிக்கிற சனத்தின்ர காணியெல்லோ அது?”

கப்டன் அண்ணை அதை இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் தீர்ப்பு வந்தது.

“எங்களுக்கு அடிச்சது ஜீப் ஆமி. இது குதிரை ஆமி. ஆனா காணி விஷயத்தில பவளம் சொல்லுறது சரி.”

அதற்குப் பிறகு குதிரைப்படை ஆட்களைத் துரத்தும் இடங்களில் கண்ணை மூடிக்கொள்வார். உதவிக்கு ஓடிவரும் இடங்களில் திறப்பார். பித்தளைக் குழல் ஊதினால் எழுந்து நிற்பார். கப்டன் என்ற பெயர் அப்படித்தான் ஒட்டியது.

பிறகு எல்லோருக்கும் விசா கிடைத்து, நாங்கள் சில குடும்பங்கள் ஷ்லீரனுக்கு வந்தோம். இவர் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் சாப்பாட்டுத் தட்டுக் கழுவினார். வேலை முடிந்து போகும்போது தட்டு வண்டிகளை எல்லாம் வட்டமாக நிறுத்திவிட்டுப் போவாராம். காலையில் வந்த தலைமைச் சமையல்காரர் வட்டத்துக்குள்ளே போக வழி தெரியாமல் நின்றாராம். “தாக்குதல் வந்தா வண்டிலை வட்டமாத்தான் விடவேணும்” என்று இவர் விளக்கம் கொடுத்திருக்கிறார்.

உண்மைக் குதிரையை அவர் தொட்டதே இல்லை. ஒரு நாள் நாங்கள் நடந்து போகும்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற குதிரை ஒன்று தலையை நீட்டியது. திரும்பிப் பார்த்தால் கப்டன் அண்ணை என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். என் முதுகுக்குப் பின்னால், யோசித்துப் பாருங்கள்.

“அண்ணை, குதிரையெல்லோ?”

“அது வேற ரெஜிமெண்ட், தங்கச்சி.”

பென்ஷனுக்குப் பிறகு மனைவியும் போய்ச் சேர, தனி ஆளானார். அப்போதுதான் பழைய சாமான் கடையில் நெளிந்த பித்தளைக் குழல் ஒன்றை வாங்கினார். பவளக்கா, நான் என்று கட்டடத்தில் இருந்த நாலு தமிழ்ப் பெண்களுக்கு, கதவைத் திறந்து வர வீட்டுத் திறப்பு ஒவ்வொன்று கொடுத்தார். குழல் ஊதினால் நாலு பேரும் ஓடிவரவேண்டும். நாங்கள்தான் குதிரைப்படை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகைக்கு ஊதினார். மறுநாளே கட்டடத்தைப் பார்க்கும் அப்வார்டிடமிருந்து கடிதம் வந்தது. ஞாயிறு ஊதக்கூடாது, இரவில் ஊதக்கூடாது, மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை ஓய்வு நேரம், மூச்சே விடக்கூடாது. கப்டன் அண்ணை கடிதத்தை நின்றபடி வாசித்து, அதற்கு ஒரு சல்யூட் அடித்தார். பிறகு ஊதவே இல்லை. அந்த அப்வார்டைப் படியில் கண்டால் நான் திரும்பி ஏறிவிடுவேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னர் குளியலறையில் விழுந்துவிட்டார். குழல் படுக்கையறையில். காலையிலிருந்து பின்னேரம் வரை தரையில் கிடந்தார். பேர்ணில் இருக்கும் மகள் சுகி அழுது முகம் வீங்கி வந்தாள்.

“அப்பா, நான் வந்து சேரேக்குள்ள நீங்கள் செத்துக் கிடந்தா? வயசான ஆக்களின்ர ஹோமுக்குப் போங்கோ, அப்பா.”

“அங்க ஆரோட கதைக்கிறது, பிள்ளை?”

இவர் தனியாக இருக்கலாமா என்று பார்த்து முடிவு சொல்ல நகரசபையிலிருந்து ஒரு அம்மாவை அனுப்பினார்கள். சிவப்புக் கண்ணாடி, பெரிய பேனை. விழுந்த நாளிலிருந்து இவர் குழலைச் சப்பாத்துக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். சுகி அதைக் கழற்றிக் குசினியில் கரண்டி வைக்கும் லாச்சிக்குள் ஒளித்தாள். பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் கதவோரம் இருந்தேன்.

அந்த அம்மா இன்று என்ன கிழமை என்று கேட்டார், அண்ணை சரியாகச் சொன்னார். மருந்து கேட்டார், சொன்னார். கடைசியாக, “நீங்கள் விழுந்தால் யார் வருவார்கள்?” என்று கேட்டார்.

கப்டன் அண்ணை நிமிர்ந்து இருந்து டொச்சில் சொன்னார். “குதிரைப்படை.”

பேனை நின்றது. “எத்தனை பேர்?” என்று அந்த அம்மா மெதுவாக, சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

“நாலு குதிரை.”

சுகி முகத்தைப் பொத்திக்கொண்டாள். பேனை வேகமாக எழுதத் தொடங்கியது. எனக்கு எல்லாம் தெரியும், ஆனால் டொச் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் எழுந்து குசினிக்குப் போனேன். சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டே கால். ஓய்வு நேரம். லாச்சியைத் திறந்து, குழலை எடுத்து, ஜன்னலைத் திறந்து ஊதினேன். மாட்டுக்கு வயிற்றுவலி வந்ததுபோல ஒரு சத்தம். இன்னொரு தரமும் ஊதினேன்.

முதலில் ஓடிவந்தது அப்வார்ட். கழுத்தில் சாப்பாட்டுத் துவாய், காலில் ஒரு செருப்பு, கையில் முதலுதவிப் பெட்டி. நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் பின்னால் பவளக்கா, கை முழுக்கப் புட்டு மா. பிறகு மற்ற இருவர், ஒருத்திக்குத் தலையெல்லாம் சாம்பூ நுரை.

“எங்க விழுந்தவர்?” என்றா பவளக்கா.

“விழேல்லை” என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னேன்.

“அப்ப நான் புட்டை இறக்கிப்போட்டு வாறன்” என்று திரும்பி ஓடினா.

சிவப்புக் கண்ணாடி அம்மா அப்வார்டிடம், நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று கேட்டார். அவர் மூச்சு வாங்கியபடி சொன்னார். “இந்த மனிதர் ஓய்வு நேரத்தில் ஊதமாட்டார். ஊதினால் சாகப்போகிறார் என்றுதான் அர்த்தம்.”

அந்த அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார், எங்களை ஒவ்வொருவராக எண்ணினார், எழுதியதை ஒரே கோடாக வெட்டினார். வீட்டிலேயே இருக்கலாம் என்றார். கடைசி வரைக்கும் அவர் அந்த வீட்டில்தான் இருந்தார்.

எல்லோரும் போன பிறகு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். கோப்பை அவர் கையில் கிடந்து தட்டில் அடித்துக்கொண்டது.

“அந்தப் பேனை எழுதேக்குள்ள எனக்குக் கால் ரெண்டும் இல்லாத மாதிரி இருந்தது, தங்கச்சி.”

“குடியுங்கோ, அண்ணை.”

கட்டியவரைத் தவிர வேறொரு ஆணின் கையை நான் அதுவரை தொட்டதில்லை. கோப்பையோடு சேர்த்து அவர் கையைப் பிடித்தேன். தேத்தண்ணி முடியும் வரைக்கும் விடவில்லை.