துடக்குப் பிடித்த வைஃபை

கரவெட்டிக்கு அடுத்த ஊரில் ஒரு சனிக்கிழமை, விடிந்ததிலிருந்து மத்தியானச் சோறு வடிக்கும்வரை ஒரு குருவிகூடப் போனைத் தொடவில்லை. பல் முளைத்த பிள்ளையிலிருந்து பல் விழுந்த கிழவர்வரை ஒருவரும் தொடவில்லை. கிணற்றடியில் சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கதைத்தது. இதென்ன புதினம் என்று நாய்கள் குரைக்க மறந்து நின்றன. நம்பமாட்டீர்கள். பரவாயில்லை, இரத்தினம்மாவும் நம்பவில்லை. அவர் அங்கேயே நின்றவர்.

இரத்தினம்மா எதையும் நம்புகிற பிறவியில்லை. பருத்தித்துறை பஸ் வந்து நின்று, தான் ஏறி, சீற் பிடித்து, ரிக்கற்றும் வாங்கிய பிறகுதான் அது பஸ் என்று ஒத்துக்கொள்வார். கொட்டும் மழையில் வானொலி மழை என்று சொன்னால், கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "பொறு, பாப்பம்" என்பார். தாலி ஏறுகிற நேரத்தில்கூடத் திரும்பி, கட்டுகிறவர் பேசி முடித்த மாப்பிள்ளைதானா என்று பார்த்தவராம். இப்படிப்பட்டவரைத்தான் ஊர் தன் சனசமூக நிலையத்துக்குத் தலைவியாக வைத்திருந்தது.

பிள்ளைகள் ஒன்லைனில் படிக்கட்டும் என்று கனடாவில் இருக்கிற ஊர்ச்சங்கம் அந்த நிலையத்துக்கு ஓர் இன்ரநெற் இணைப்பு எடுத்துக் கொடுத்திருந்தது. கூரையில் பூட்டிய அன்ரனா சுற்றியிருந்த ஒழுங்கைகளுக்கெல்லாம் வைஃபை பொழிந்தது. கடவுச்சொல் மாணவருக்கு மட்டும் என்றார்கள். அன்று பின்னேரமே அது ஊர் முழுக்கப் போய்விட்டது. மாற்றினார்கள். மாற்றியதை ரொறன்ரோவில் இருந்த ஒருவர் ஊரில் இருந்த தன் மாமிக்குத் திருப்பி அனுப்பிவைத்தார். பிறகென்ன? ஒரு வீட்டில் நாடகம், அடுத்த வீட்டில் லண்டன் பேரப்பிள்ளையின் பிறந்தநாள், மதிலடியில் கஜீபனும் கூட்டாளிகளும் பார்க்கிற கிரிக்கெற். இவ்வளவுக்கும் நடுவில், நிலையத்தின் பின்னறையில், ஆரபியின் பௌதிக ஆசிரியர் திரையில் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார். விசை என்றால் என்ன என்று கேட்டவர் விடை சொல்லாமலே அடுத்த கிழமைக்குப் போய்விடுவார்.

ஆரபி, இரத்தினம்மாவின் தங்கை மீனாம்பிகையின் மகள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் புலமைப்பரிசில் தேர்வு அவளுக்கு வரப்போகிற சனிக்கிழமை. தனி அறையில், காமராவுக்கு முன்னால் இருந்து எழுதவேண்டும். இணைப்பு அறுந்தால் தேர்வும் அறுந்தது. இரண்டாம் தடவை என்ற கதையே இல்லை.

இந்தச் சமயம் பார்த்துத்தான் சிக்னல் சித்தர் ஒரு வாடகை வானில் வந்து இறங்கினார். காவி வேட்டி, காதில் புளூடூத், நெற்றியில் வைஃபை அடையாளம் போலவே வளைத்து வளைத்துப் பூசிய திருநீறு. அவர் கை வைத்த மானிப்பாய் ரியூட்டரியில் பிள்ளைகள் கேள்வி வரமுன்னமே விடை எழுதுகிறார்களாம். கீரிமலைக் கேணிக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்று, போனே இல்லாமல், அவுஸ்திரேலியாவுக்கு வீடியோ கோல் எடுத்தவராம். சனம் படலையாலும் வந்தது, வேலிக்கு மேலாலும் வந்தது. ஐஸ்கிரீம் வானே வந்து நின்றதென்றால் கூட்டத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சித்தர் ரவுட்டரைப் பார்த்தார். மோந்தார். கண்ணை மூடினார்.

"துடக்கு," என்றார்.

சாத்தீட்டாம். விளக்கமும் சொன்னார். நாளும் பொழுதும் போனுக்குள் எத்தனை மரண அறிவித்தல் வருகிறது? கனடாச் சாவு, ஜேர்மனிச் சாவு, கொழும்புச் சாவு. அத்தனை சாவும் இந்த ரவுட்டருக்குள்ளால்தானே ஊருக்குள் வருகிறது? செத்தவீட்டுக்குப் போனால் நாங்கள் தலை முழுகுகிறோம். ரவுட்டர் முழுகினதா?

சனம் விறைத்துப்போனது. அவரவர் தங்கள் போனைப் பூரானைப் பிடிப்பதுபோல விரல்நுனியில் பிடித்தார்கள். ரவுட்டரை முழுக வார்த்தால் பிறகு அதுக்கும் செத்தவீடுதான் என்று இரத்தினம்மா சொன்னதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

துடக்குக் கழிப்பு இதுதான்: ஊரிலுள்ள போன் எல்லாவற்றையும் நிற்பாட்டி, பனையோலைக் கடகத்துக்குள் போட்டு, வெள்ளைத் துணியால் மூடவேண்டும். நிற்பாட்டாமல் ஏமாற்றுகிறவரின் வீட்டில் அடுத்து வருகிற அறிவித்தல் சொந்த அறிவித்தலாக இருக்கும். ரவுட்டருக்கு மேல் செப்புத் தகடு, அதற்கு மேல் பட்டு. மஞ்சள் தண்ணீரை ரவுட்டருக்கு எட்டத்தில் தெளித்தார். அந்தளவு அறிவு அவருக்கு இருந்தது. கற்பூரம் எரிந்தது, மந்திரம் முழங்கியது, ஆரபியின் கணினியில் ஆசிரியர் படபடவென்று கதைக்கத் தொடங்கினார். அவருடைய மூக்கில் இருந்த மச்சம்கூடத் தெரிந்தது. சனம் அரோகரா போட்டது.

பிறகு போன்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஆசிரியர் பழையபடி வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

சித்தர் சளைப்பாரா? செம்பு ஒரு வகுப்புக்குத்தான் தாங்கும், தேர்வு முழுக்கத் தாங்கத் தங்கத் தகடு வேண்டும் என்றார். மீனாம்பிகையின் கண் தன் கைக் காப்புகளில் போய் நின்றது.

"கழட்டாதை, மீனா," என்றார் இரத்தினம்மா.

"உனக்கென்ன அக்கா, நீ ஒண்டையும் நம்பமாட்டாய். கண்ணாலை கண்டனீ எல்லே?"

"கண்டனான். எது வேலை செய்ததெண்டுதான் காணேல்லை."

"பிள்ளையின்ரை சோதினை. பிழைச்சால் நீ பொறுப்பெடுப்பியோ?"

இரத்தினம்மா சித்தர் பக்கம் திரும்பினார். வெள்ளிக்கிழமை இன்னொருமுறை செம்பிலேயே செய்து காட்டட்டும், சரிவந்தால் தன் காப்பையும் சேர்த்தே தருகிறேன் என்றார். சித்தரின் வாய் காதுவரை போய்ப் புளூடூத்தில் முட்டியது.

வெள்ளிக்கிழமை முந்தினதைவிடக் கூட்டம். சித்தர் விட்டுப்போன தகடும் பட்டும் நிலையத்திலேயே இருந்தன. தலைவி என்ற முறையில் பின்னறையைத் திறந்து, ரவுட்டருக்குப் பட்டுச் சாத்தி வைத்திருந்தவர் இரத்தினம்மாதான். போன்கள் நிற்பாட்டப்பட்டுக் கடகத்துக்குள் போயின. கற்பூரம், மந்திரம், மஞ்சள் தண்ணீர். ஆசிரியர் தண்ணீர்பட்ட பாடாகக் கதைத்தார். தகட்டின் சக்தியைப் பாருங்கோ என்று சித்தர் கையை விரித்தார்.

இரத்தினம்மா பட்டுத் துணியை இழுத்தார்.

ரவுட்டருக்கு மேல் ஒரு சிரட்டை இருந்தது. காலையில் பிட்டுக்குத் துருவிய சிரட்டை. ஓரத்தில் இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பூ. அவர் தன் சந்தைப் பையைத் திறந்து, பாரைக் கருவாட்டுக்கு நடுவிலிருந்து செப்புத் தகட்டை நுனிவிரலால் தூக்கினார்.

"ஐயா, உங்கடை தகடு காலமை தொடக்கம் இதுக்கைதான் கிடக்கு. சக்தி வேலை செய்யுது, மணமும் நல்லாய் இருக்கு."

சித்தர் ஒரு கணம்தான் திகைத்தார். சக்தி இடம் மாறிச் சிரட்டைக்குள் இறங்கியிருக்கிறது என்றார். முன்வரிசையில் சிலர் சிரட்டையைக் கும்பிட்டுவிட்டார்கள். ஒருவர் தன் வீட்டுச் சிரட்டையை எடுத்துவர ஓடியே விட்டார். நம்புவதென்று இறங்கிவிட்ட சனத்துக்குக் குறுக்கே நிற்க யாரால் முடியும்?

இரத்தினம்மாவால் முடிந்தது. தகட்டைத் துடைத்து ரவுட்டரில் வைத்தார். அதற்கு மேல் சிரட்டையையும் வைத்தார். பட்டும் இருக்கட்டும், கற்பூரமும் எரியட்டும் என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இப்ப எல்லாரும் போனை எடுத்து ஒன் பண்ணுங்கோ," என்றார்.

கடகம் விழித்தது. நாடகம் அழுதது, கிரிக்கெற் கத்தியது, லண்டன் பேரப்பிள்ளை கேக் வெட்டியது. ஆசிரியர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"மந்திரத்தைச் சொல்லுங்கோ, ஐயா."

சித்தர் சொன்னார். வேகமாகச் சொன்னார். வேர்க்க வேர்க்கச் சொன்னார், நெற்றியில் இருந்த வைஃபை கரைந்து மூக்கில் வடிந்தது. ஆசிரியரின் வாய் மூடவில்லை.

"இனிப் போனையும் நிப்பாட்டுங்கோ, மந்திரத்தையும் நிப்பாட்டுங்கோ."

நிற்பாட்டினார்கள். ஆசிரியர் வாயை மூடினார், எச்சில் விழுங்கினார், விசை என்றால் என்ன என்று விளங்கப்படுத்தத் தொடங்கினார். ஆரபி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "ஊர் முழுக்க ஒரு குழாயைத் திறந்தால் கடைசியாய் நிக்கிற ஆளுக்குச் சொட்டும் வராது. வைஃபையும் உப்பிடித்தான்."

சித்தர் வானில் ஏறியதைக் கண்டவர் இல்லை. வான் போன புழுதியைத்தான் கண்டார்கள். அதற்குப் பிறகு அவருடைய சிக்னல் அந்தப் பக்கத்தில் எங்கேயும் பிடிக்கவில்லை.

ஊர் சிரித்தது, மீனாம்பிகை சிரிக்கவில்லை. விடிந்தால் தேர்வு.

"பயத்திலையெண்டாலும் நிப்பாட்டினவை. அந்தப் பயத்தையும் நீ கலைச்சுப்போட்டாய். இனி ஆர் அக்கா நிப்பாட்டுவினம்?"

அது சரிதான். நாளைக்குக் கிரிக்கெற் இறுதியாட்டம் என்று மதிலடியில் இப்போதே கதை நடந்துகொண்டிருந்தது. இரத்தினம்மா வெறுங் கடகத்தை நிலையத்து வாசலில் வைத்தார். சாபமும் இல்லை, துடக்கும் இல்லை, நிற்பாட்டாவிட்டால் ஒருவரும் சாகவும் மாட்டார்கள், நாளைக்கு ஒரு பிள்ளைக்குச் சோதனை, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார். ஒருவரும் வரமாட்டார்கள் என்பதில் அவருக்குத் துளி சந்தேகமில்லை. வாழ்க்கையில் அவர் சந்தேகப்படாத ஒரே விஷயம் அதுதான்.

விடியற்புறம் நிலையத்தைத் திறக்க வந்தால் கடகத்தடியில் கஜீபன். அவர் முகத்தைப் பாராமல் போனைப் போட்டுவிட்டு நடந்தான். பின்னால் அவனுடைய கூட்டாளிகள். அதற்குப் பின்னால், லண்டன் பேரப்பிள்ளையை நாளைக்குக் கேக் வெட்டச் சொல்லிவிட்டு வந்த ஒரு தாத்தா. ரொறன்ரோக் கடவுச்சொல் மாமியும் வந்தார், இரண்டு போனோடு. கடகம் நிறைந்தது. இன்னொரு கடகம் தேடினார்கள். ஐஸ்கிரீம் வான்காரர்கூடத் தன் போனைப் போட்டுவிட்டு, பாட்டையும் நிற்பாட்டினார்.

மத்தியானம் ஆரபி பின்னறைக் கதவைத் திறந்தாள். தலைமயிர் கலைந்திருந்தது, விரலெல்லாம் மை.

"முடிச்சிட்டன், பெரியம்மா. ஒருக்காலும் அறுந்து நிக்கேல்லை."

மீனாம்பிகை வாசற்படியில் அப்படியே இருந்துவிட்டார். காப்பு இரண்டும் கையில்தான் இருந்தன. போன் எடுக்க ஊர் கடகத்தைச் சுற்றி வந்தது. இரத்தினம்மா கடகத்தைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டார்.

"போனை எடுங்கோ. அண்டைக்குச் சித்தருக்கு மூளையையும் சேத்துப் போட்ட ஆக்கள் அதையும் தேடி எடுங்கோ. போனை நிப்பாட்டலாம், பிழையில்லை. மூளையை நிப்பாட்டி இனி ஒருத்தற்றை கடகத்துக்கையும் போடாதேங்கோ."

"எல்லாம் சரி அக்கா," என்றார் மீனாம்பிகை கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஊரே நிப்பாட்டினது. இப்பவெண்டாலும் நம்புறியோ?"

இரத்தினம்மா குனிந்தார். கடகத்திலிருந்து ஒரு போனை எடுத்துப் பொத்தானை அமர்த்திப் பார்த்தார். இருள். இன்னொன்றை எடுத்தார். இருள். கையை அடிவரை விட்டுக் கிளறி, அடியில் கிடந்த கஜீபனின் போனை இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, புரட்டிப் பார்த்தார். அதுவும் இருள்.

"ஓம்," என்றார். "நடந்ததுதான்."