மொளகா வந்தா குழா போச்சு

ஏப்ரல் 15, காலை ஏழு மணி. பதினேழு மிளகாய் விதை. ஆள், திருவேங்கடம்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விவசாயம் என்று தோன்றும். இல்லை. அது தப்பித்தல்.

பழவேற்காட்டை ஒட்டிய லைட்ஹவுஸ் குப்பத்துத் திருவேங்கடம், சென்னை காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுபவர். கடலில் பத்து நாள், வீட்டில் இரண்டு நாள் என்று காலம் போகும். ஏப்ரல் பதினைந்தில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் விசைப்படகு துறைமுகத்திலும் அவர் வீட்டிலும் கட்டிக் கிடக்க வேண்டும். மீன் நிம்மதியாகக் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசாங்கம் விடுகிற லீவு அது. அந்த லீவில் மீனுக்குக் கிடைத்த நிம்மதி திருவேங்கடத்துக்கு ஒரு வருஷமும் கிடைத்ததில்லை.

காரணம், ஒரு குழாய்.

வீட்டுக் குழாய் வாசலில் இருந்தது. அடுப்படி பின்பக்கம். காலையில் ஒரு மணி நேரம் நல்ல தண்ணீர் வரும். அவர் மனைவி அமுதவல்லி அதைக் குடத்தில் பிடித்து, பக்கத்துச் சந்து மணலில் கால் புதையப் புதைய நடந்து, பின்னால் கொண்டுபோய் ஊற்றுவாள். வாசலில் இருந்து ஒரு பைப்பை இழுத்து, பின்பக்கம் ஒரு டிரம்மை வைத்து, அதில் ஒரு குழாயைத் திருகினால் தீர்ந்தது. ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பாக்கலாம்" என்று ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுப்படிக் கூரையில் ஷீட்டு உடைந்து ஒழுகுவதையும் நடுநடுவே சொல்வாள். அதற்கும் "பாக்கலாம்"தான். ஒரே பதிலை இரண்டு வேலைக்கு வைத்துக்கொள்கிற சிக்கனமான மனிதர்.

"இன்னாயா, போட்டைக் கட்டியாச்சா?" என்றாள் அன்று காலை, முறத்தில் காய்ந்த மிளகாயைக் காம்பு கிள்ளிக்கொண்டே.

"கட்டியாச்சு."

"அப்போ டீயைக் குடிச்சிட்டு பைப்பு வாங்கினு வந்துடு. குழாயைப் போட்டுடலாம்."

திருவேங்கடம் சுற்றிலும் பார்த்தார். ஒரு வேலை வேண்டும். உடனே வேண்டும். முறத்தின் ஓரத்தில் மிளகாய் விதை உதிர்ந்து கிடந்தது.

"எனக்கு வேலை இருக்குது."

"இன்னா வேலை?"

"விவசாயம்," என்றார். சொல்லி முடித்த பிறகு அவருக்கே அது பிடித்துவிட்டது. விதைகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "மொளகா போடப் போறேன். ஊட்டுக்கு வேணுங்கிற மொளகா ஊட்லயே."

"இந்த மண்ணுலயா?"

"இந்த மண்ணுலதான்."

"இங்க வீசற காத்துல உப்பு. அடிக்கிற பம்புல உப்பு. இதுல மொளகா வந்தா மோர் மொளகாவாத்தான் வரும். நேரா வத்தலுக்கு எடுத்துக்கலாம்."

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது. பக்கத்து வீட்டு பிலோமினா. வேலி என்பது பழைய வலை. அதன் வழியாக மீன் தப்பினாலும் பேச்சு தப்பாது.

திருவேங்கடத்துக்குச் சுருக்கென்றது. புயலில் படகைத் திருப்பிக் கொண்டுவந்தவர். ஒரு மிளகாய்ச் செடியை நிமிர்த்த முடியாதா.

"கேட்டுக்கோமே. ஆடி மாசம் கூழ் ஊத்தறோம் இல்ல, அன்னிக்கி என் செடியில காய்ச்ச மொளகாவைக் கடிச்சிக்கினுதான் கூழு. அப்படிக் காய்ச்சிட்டா, இந்த ஊட்ல குழாய்ன்ற பேச்சு உன் வாயில வரக்கூடாது. எப்பவுமே."

"காய்க்கலன்னா?"

"அன்னிக்கே குழாய் போட்டுத் தரேன்."

அமுதவல்லி முறத்தைக் கீழே வைத்தாள். "பிலோமினா, நீ சாட்சி. செடி காய்ச்சிட்டா நான் குழாய்ப் பேச்சை எடுக்கக்கூடாது. காய்க்கலன்னா இவரு குழாய் போடணும். அவ்ளோதானேயா?"

"அவ்ளோதான். மொளகா வந்தா குழா போச்சு."

எதுகை மோனையோடு சொல்லிவிட்ட திருப்தியில் அவர் டீக்கடைக்குப் போனார். பைப்பு வாங்காமல் திரும்பி வந்தார்.

ஐஸில் மீன் வைக்கிற பழைய தெர்மாகோல் பெட்டி ஒன்று கிடந்தது. அடியில் ஓட்டை போட்டார். மண்ணுக்கு மட்டும் திருப்பாலைவனம் வரை பஸ்ஸில் போய், வயல் ஓரத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, சிமெண்ட் சாக்கோடு ஏறினார். கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா இதுல?"

"மண்ணு."

"உங்க ஊர்ல மண்ணு இல்லியா?"

"இருக்குது. அது கடலோட மண்ணு. இதுதான் மண்ணோட மண்ணு."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். தடைக்காலத்தில் இப்படி ஓரிருவர் ஏறுவது அவருக்குப் பழக்கம்.

விதைகளை ராத்திரி மோரில் ஊறப்போட்டு, காலையில் விரல் நுனியால் குழி பண்ணி, ஒவ்வொன்றாக இட்டார். அடுத்த வாரம் முழுக்க அந்தப் பெட்டியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கடலில் தூண்டில் போட்டவன் மிதப்பைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலையில் மண்ணைத் தலையால் முட்டிக்கொண்டு பதினோரு முளை எழுந்து நின்றது. திருவேங்கடம் எழுந்துபோய் சட்டை போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். அவ்வளவு மரியாதை.

நாலு இலை விட்டதும் இலைகளின் ஓரம் பழுத்தது. பிறகு கருகியது. ஒன்றன்பின் ஒன்றாக ஏழு செடி படுத்துவிட்டது. அமுதவல்லி தண்ணீர்க் குடத்தோடு போகும்போது பெட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்து, "ப்ச்" என்றாள். அந்த "ப்ச்"சில் ஒரு குழாய் இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து பிலோமினாதான் சொன்னாள்.

"அண்ணே, நீ கைப்பம்பு தண்ணியா ஊத்தற?"

"ஆமா."

"அது உப்பாச்சே. மொளகாவுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். வாசல்ல வர்ற தண்ணி."

மறுநாள் காலை குப்பம் ஒரு காட்சியைக் கண்டது. திருவேங்கடம் இடுப்பில் குடத்தோடு சந்து மணலில் நடந்துகொண்டிருந்தார். பந்தல் மாதிரி அகலமான தோள். அதில் வைத்தால் குடம் உருண்டது. தலையில் வைத்தால் ஆடியது. கடைசியில் இடுப்புதான்.

வலை தைத்துக்கொண்டிருந்த சடையன், கூட படகில் போகிறவர், ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"வேங்கடம், பூ வெச்சிக்கலியா?"

"போடா கஸ்மாலம்."

மூன்று நாள் தாங்கினார். வலையில் டன் கணக்கில் மீன் இழுத்த முதுகு, நாலு குடம் தண்ணீரில் பிடித்துக்கொண்டது. இந்தச் சந்தில் குடம் தூக்குவது எவ்வளவு பேஜார் என்பது அவருக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. உடனே ஒரு யோசனையும் தோன்றியது. இதுவரை யாருக்கும் தோன்றாத யோசனை என்று அவர் நினைத்தார்.

வாசலில் இருந்து ஒரு பைப்பை இழுத்தால் என்ன?

பழவேற்காடு கடைக்குப் போய் பைப்பு, வளைவு, பசை எல்லாம் வாங்கினார். செங்கல் அடுக்கி அதன்மேல் நீல டிரம்மை ஏற்றினார். டிரம்மில் ஓட்டை போட்டுப் பித்தளைக் குழாயைத் திருகினார். அரை நாள் வேலை. பிடித்துக்கொடுக்க வந்த சடையனுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"குழாய் போட மாட்டேன்னுதானே பந்தயம் கட்டுன?"

"அது அவ கேட்ட குழாய். இது செடிக்குப் போடற குழாய். ரெண்டும் வேறடா."

"பாத்தா ஒண்ணு மாதிரிதான் இருக்குது."

"உனக்கு அப்படித்தான் இருக்கும்."

அமுதவல்லியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இது செடிக் குழாய். நீ கை வெக்கக்கூடாது."

"ஐய, நான் ஏன் வெக்கப்போறேன்?" என்று அவள் வாசலில் குடம் பிடித்து, சந்து வழியாக, அந்த டிரம்மைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனாள். கொஞ்சம் சத்தமாக மூச்சு வாங்கினாள். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் பிலோமினா.

"அண்ணே, செடி ஏன் இப்படி சவலையா நிக்குது? அரிசி கழுவின தண்ணி, மீன் அலசின தண்ணி எல்லாம் ஊத்து. அதுதான் சத்து."

திருவேங்கடம் அடுப்படிக்குப் போனார். "மீன் அலசின தண்ணி எங்க?"

"சந்துல ஊத்திட்டேன். எனக்கின்னா தெரியும்?"

"இனிமே செடியாண்டயே வந்து அலசு. அரிசியும் அங்கயே கழுவு. தண்ணி நேரா வேருக்குப் போவணும்."

"நான் மாட்டேம்பா. அது செடிக் குழாய்."

"நான் சொல்றேன் இல்ல. திறந்து புடி, கழுவு."

"நீ சொன்னா சரி," என்றாள் அமுதவல்லி.

கல்யாணம் ஆன நாளில் இருந்து அவள் வாயில் "நீ சொன்னா சரி" வந்தது அதுவே முதல் தடவை. படகுக்காரருக்குக் காற்று திசை மாறினால் தெரியும். இது தெரியவில்லை.

மீன் அலசிய இடம் சேறானது. சேறு செடியின் தண்டில் தெறித்தது. தண்டு அழுகிவிடும் என்று பிலோமினா கவலைப்பட்டாள். திருவேங்கடம் ஒரு கடப்பாக் கல்லைக் கொண்டுவந்து குழாயடியில் பதித்து, தண்ணீர் செடிப் பக்கம் ஓடுகிற மாதிரி வாட்டம் வைத்தார். சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்தால் சாம்பலும் உரம்தான் என்று தெரிய வந்ததும், பாத்திரங்களையும் அங்கேயே போடச் சொன்னார். அமுதவல்லி தயங்கினாள். அதட்டினார். போட்டாள்.

மே மாதக் கத்திரி வெயிலில் மீதி நாலு செடியும் மதியம் தலை தொங்கியது. சடையனைக் கூப்பிட்டுக்கொண்டுபோய் ஓலை வெட்டி வந்து பந்தல் போட்டார். நாலு செடிக்கு நாலு முழம் பந்தல் போதும். கால் நடும்போது டிரம்மும் கல்லும் குறுக்கே வந்ததால், அவற்றையும் உள்ளே விட்டுப் பெரிதாகவே போட வேண்டியதாயிற்று. அன்று மதியம் அமுதவல்லி நிழலில் உட்கார்ந்து, குழாயைத் திறந்துவிட்டு, நவரை மீனை அலசினாள். என்னவோ பாட்டு முணுமுணுத்தாள். செடிகளும் தலை நிமிர்ந்தன. திருவேங்கடம் கட்டிலில் படுத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் இவ்வளவு குளுமையாக இருந்து அவர் பார்த்ததில்லை.

ஜூன் நடுவில் தடை முடிந்தது. படகு கிளம்ப வேண்டும். அவருக்கு இருந்த ஒரே கிலி, செடியை யாரிடம் விட்டுப் போகிறோம் என்பதுதான். பந்தயத்தில் எதிராளி அவள். ஒரு வாரம் தண்ணீர் விடாமல் இருந்தால் போதும், அவள் ஜெயித்துவிடுவாள்.

"ஏமாத்திடாத," என்றார் பையைத் தோளில் போட்டுக்கொண்டு.

"நீ போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன்."

கரை திரும்பும்போதெல்லாம் காசிமேட்டில் காலை வைத்ததும் போன் போட்டார். இத்தனை வருஷத்தில் துறைமுகத்தில் இருந்து போன் பண்ணி "சாப்டியா" என்று அவர் கேட்டதில்லை. இப்போது கேட்டார். செடியைத்தான்.

"அது சாப்டுச்சு. பூ வெச்சிருக்குது," என்றாள் அமுதவல்லி.

"எத்தினி?"

"நீயே வந்து எண்ணிக்கோ."

எதிரியின் செடியை ஒருத்தி ஏன் இப்படிப் பார்த்துக்கொள்கிறாள் என்று சடையன் ஒருமுறை கேட்டார். "நல்ல மனசுடா அவளுக்கு," என்றார் திருவேங்கடம்.

ஆகஸ்ட் 11, ஆடி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றி முடிந்து, வீட்டுப் பங்கு சட்டியோடு பின்பக்கப் பந்தலுக்கு வந்தது. சடையன் வந்திருந்தார். பிலோமினா சாட்சிக்கு வேலி ஓரம் வந்து நின்றாள். திருவேங்கடம் செடியில் இருந்து ஒரு பச்சை மிளகாயைக் காம்போடு பறித்து, எல்லோருக்கும் காட்டி, பாதியைக் கடித்தார். ஒரு வாய் கூழ் குடித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"காரமா?" என்றார் சடையன்.

"சந்தோசம்டா," என்று மூக்கை உறிஞ்சினார். "இன்னாமே, காய்ச்சிதா இல்லியா?"

"காய்ச்சிடுச்சு. நான் தோத்துட்டேன்," என்றாள் அமுதவல்லி. "பிலோமினா, நீயும் கேட்டுக்கோ. இனிமே குழாய்ன்ற பேச்சு என் வாயில வராது."

சொல்லிவிட்டு, காலியான கூழ்ச்சட்டியை எடுத்துக்கொண்டுபோய், பந்தல் நிழலில், கடப்பாக் கல்லில் வைத்து, பேசக்கூடாததைத் திறந்துவிட்டுக் கழுவ ஆரம்பித்தாள்.

சடையன் சட்டியைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். டிரம்மைப் பார்த்தார். அண்ணாந்து ஓலையைப் பார்த்தார். கடைசியாகத் திருவேங்கடத்தைப் பார்த்தார்.

"வேங்கடம், நீ இன்னாத்தைடா ஜெயிச்ச?"

திருவேங்கடம் வேலிப் பக்கம் திரும்பினார். "பிலோமினா, நீதான் நேரா நேரத்துக்கு யோசனை சொன்ன. நீ இல்லன்னா இந்தச் செடி இல்ல."

"நானா?" என்றாள் பிலோமினா. "எனக்கு மொளகாவைப் பத்தி இன்னாண்ணே தெரியும்? அக்கா சொல்லச் சொன்னதைச் சொன்னேன்."

மிளகாயில் இருந்தது காரம். அமுதவல்லியிடம் இருந்தது காரியம். திருவேங்கடம் கையில் மீதியிருந்த பாதி மிளகாயைப் பார்த்தார். பிறகு அதையும் கடித்துக்கொண்டு இன்னொரு சொம்பு கூழ் கேட்டார். கூழ் நன்றாகத்தான் இருந்தது. நிழலும் இருந்தது. இனிமேல் இந்த இரண்டு பெண்பிள்ளைகள் பேச்சைக் கேட்டு ஒரு வேலையைத் தொடுவதில்லை என்று அம்மன் கோயில் பக்கம் பார்த்துச் சத்தியம் செய்தார்.

அடுத்த வருஷம் ஏப்ரல் 15, தடைக்காலத்தின் முதல் நாள். அடுப்படிக் கூரை ஒழுகுவதைப் பற்றி அமுதவல்லி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த ஓட்டை ஷீட்டின்மேல் பூசணிக்கொடி ஏறாது, ஏறினாலும் காய் அடுப்பில்தான் விழும் என்று மட்டும், அவர் காதில் விழும்படி, பிலோமினாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். காலை ஒன்பது மணிக்குத் திருவேங்கடம் புது ஷீட்டோடு கூரைமேல் இருந்தார்.