வாசலிலேயே ஒரு வகுப்பு

"கார்டு வேலை செய்யல அக்கா" என்றார் காவலர் வெர்னல், மூன்றாவது தடவையாகத் தேய்த்துப் பார்த்துவிட்டு.

"ஒவ்வொரு பருவமும் முடிஞ்சதும் ஒப்பந்த ஆசிரியர்களோட கார்டு தானா செத்துப்போகும். இன்னும் உயிர் கொடுக்கல, அவ்வளவுதான்" என்றாள் ஒடெஸா டில்லரி.

"எங்க உயிர் கொடுப்பாங்க?"

"நூலகத்துக்குள்ள. ரெண்டாவது மாடி."

"உள்ள போக கார்டு வேணுமே."

இருவரும் கண்ணாடிக் கதவைப் பார்த்தார்கள். 'இங்கே எல்லோரும் நம்மவரே' என்று அதில் அழகாக எழுதி ஒட்டியிருந்தது.

ஒஹாயோவின் பிப்ரவரிக் குளிர் ஒடெஸாவின் கோட்டுக்குள் புகுந்தது. இன்றைய வகுப்பு இந்த நூலக வாசலில்தான். பாடம், கல்லூரி வளாகத்தில் யார் எங்கே இயல்பாக நிற்க முடிகிறது, யாரால் முடிவதில்லை, அதில் நிறத்துக்கு என்ன பங்கு என்பது. டீன் விட்லாக் இந்த ஒரு வகுப்பைப் பார்த்துத்தான் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா என்று முடிவு செய்வார். வேலை போனால் காப்பீடு போகும். காப்பீடு போனால் கணவன் கர்டிஸின் இன்சுலின் போகும். அதனால்தான் சீக்கிரமே வந்து, எந்த இடத்தில் நின்று எதைக் காட்டலாம் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாத பொம்பளை ஒருத்தி கட்டடத்தையே நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்கிறா, என்னமோ எழுதறான்னு ஃபோன் வந்துது அக்கா. ஃபோன் வந்தா நான் வந்துதான் ஆகணும். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகுது" என்றார் வெர்னல். ஒடெஸாவைப் போலவே அவரும் கறுப்பர்தான். அதனாலேயே அவருடைய முகம் இன்னும் வாடியிருந்தது.

அதற்குள் மாணவர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். கீகன் என்ற வெள்ளைக்காரப் பையன் மட்டும் பைஜாமாவும் செருப்புமாக, கையில் காப்பியோடு நேரே கதவுக்குப் போனான். உள்ளிருந்து யாரோ சிரித்தபடி கதவைத் திறந்துவிட்டார்கள்.

"அவன்கிட்ட கார்டு கேட்கலையே நீங்க?"

"அவனைப் பத்தி ஃபோன் வரலையே அக்கா."

மாணவர்கள் சரசரவென்று எழுதிக்கொண்டார்கள்.

"இல்ல, இது பாடம் இல்ல. நிஜமாவே என்னை நிறுத்தி வச்சிருக்காங்க" என்றாள் ஒடெஸா, தணிந்த குரலில்.

"ப்ரொஃபசர், பின்னாடி கேட்கல! கொஞ்சம் சத்தமா!"

சத்தமாகச் சொன்னாள்.

வெர்னல் பதறினார். "அய்யோ, சத்தம் போடாதீங்க. சத்தம் போட்டா இன்னொரு ஆளைக் கூப்பிடணும்னு விதி!" என்று சொல்லிக்கொண்டே வேறு வழியில்லாமல் கூப்பிட்டார்.

"நாங்க சொல்றோமே, இவங்கதான் எங்க டீச்சர்னு" என்றாள் ஒரு மாணவி.

"மாணவர் சொன்னா செல்லாதும்மா. நிர்வாகத்து ஆள் யாராவது சொல்லணும்."

தெய்வம் அனுப்பியதுபோல டீன் விட்லாக் வந்தார். ஒடெஸாவுக்கு உயிர் வந்தது.

"டீன், நான் யாருன்னு இவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க!"

டீன் கனிவாகப் புன்னகைத்தார். உதட்டில் விரலை வைத்தார். பெஞ்சில் இருந்த பனியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். "நான் வகுப்பைப் பார்வையிட வந்தவன். குறுக்கிடக் கூடாது. நான் இங்க இல்லைன்னே நினைச்சுக்கோங்க" என்றார்.

"டீன், இது வகுப்பு இல்ல!"

டீன் உற்சாகமாகத் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

இரண்டாவது காவலர் வந்தார். ஆளுக்கொரு பக்கமாக நடந்து, கல்லூரி எல்லையில் இருக்கும் சாலைவரை ஒடெஸாவைக் கொண்டுபோய் விட்டார்கள். பின்னால் மாணவர்கள் ஊர்வலமாக வந்தார்கள். அவர்களுக்கும் பின்னால், குறுக்கிடாமல், டீன்.

மணி அடித்தது. டீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இனிமே நான் பேசலாம். அற்புதம், ஒடெஸா! வளாகம் ஒருத்தரை எப்படி வெளியே தள்ளுதுன்னு கண்ணாலேயே பார்த்துட்டோம். இந்தக் காவலர்களை வச்சு எத்தனை ஒத்திகை பார்த்தீங்க?"

ஒடெஸா வாயைத் திறந்தாள். கர்டிஸின் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டாள்.

"நாலு" என்றாள்.

வெர்னல் அவளையே ஒரு கணம் பார்த்தார். "அஞ்சு அக்கா. ஒண்ணை மறந்துட்டீங்க" என்றார்.

"பார்த்தாலே தெரியுது! ஒப்பந்தம் இன்னும் மூணு வருஷத்துக்கு. ஒரே குறை, கொஞ்சம் மிகையாப் போச்சு. நம்ம கல்லூரியில நிஜமா இப்படி யாரும் செய்ய மாட்டாங்க பாருங்க."

"அடுத்த தடவை குறைச்சுக்கறேன்" என்றாள் ஒடெஸா. விறைத்துப்போன விரல்களைக் கோட்டுப் பைக்குள் நுழைத்துக்கொண்டாள்.

டீன் நாலடி நடந்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக வெர்னலின் தோளில் கைபோட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அது கிடக்கட்டும்ப்பா. காலையில என் ரூம் ஜன்னல்லேர்ந்து பார்த்துட்டு ஃபோன் பண்ணினேனே, அந்தப் பொம்பளையைப் பிடிச்சீங்களா இல்லையா?"