தந்திக்காரர் சொல்ல மறுத்த பெயர்

ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் வரைக்கும் தந்திக்காரரைப் பார்த்துச் சிரித்த மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. காக்கிச் சட்டையோடு அவர் தேயிலை மலை ஏறி வருவதைக் கண்டாலே லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டு ஒப்பாரியைத் தொடங்கிவிடுவார்கள். வட்டவளைப் பக்கம் ஒரு முறை, "ஏ புள்ளைகளா, ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு! அழுவாதீங்க!" என்று தந்தியை ஆட்டி ஆட்டிக் கத்தியிருக்கிறார். ஒப்பாரி ஓய்கிற மட்டும் யார் கேட்டார்கள்?

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, அவர் வேலை பார்த்த தபால் கந்தோரில் பை கட்டிக்கொண்டிருந்தவன். அவர் துணியில் ரத்தம் துப்புவதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் விதவைப் பென்ஷனுக்கு விதி மாறியது. அதுவரை குடும்ப விபரத்தைக் கிளாக்கரே எழுதிக்கொள்வார். இனி உத்தியோகத்தில் இருப்பவர் தன் வாயாலேயே வந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் செத்தால் வீட்டுக்கு ஒன்றும் கிடையாது.

கிளாக்கர் கூப்பிட்டுக் கேட்டார்: "ஒங்க விதவை பேரு என்னாங்க?"

"என்னாது? நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். எம் பொண்டாட்டி எப்புடிய்யா விதவை?"

"விதியில அப்புடித்தான் இருக்கு."

"அப்ப நான் செத்துட்டேனா? எனக்குத் தந்தி வரலியே!"

அதற்குப் பிறகு கிளாக்கர் தலையைக் கண்டாலே தந்திக்காரர், "டயகமவுக்குத் தந்தி" என்று ஓடிவிடுவார். டயகம எங்கள் கந்தோரைச் சேர்ந்ததே இல்லை.

"ஒரு வார்த்ததானேண்ணே" என்று கெஞ்சினேன்.

"வாயால சொன்னா பலிச்சிரும்டா. இந்த வாய் சொன்ன சாவு எது பொய்யாப் போயிருக்கு?"

இருமல் முற்றியது. பாதி மலையில் உட்கார்ந்துவிடுவார். சொல்வதற்குக் கொடுத்த தவணையின் கடைசி நாளில் அவர் மனைவி பொன்னாயி அக்கா, கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் கந்தோருக்கு வந்துவிட்டார். மனைவி சொன்னால் செல்லாது என்றார் கிளாக்கர். அக்கா, வாசலோரம் நின்ற புருஷன் பக்கம் திரும்பினார்.

"ஊருக்கெல்லாம் சாவத் தூக்கிட்டுப் போன ஆளு. நம்ம வூட்டுக்கு ஒரு வாய் சோத்த வச்சிட்டுப் போனா என்னாவாம்?"

தந்திக்காரர் கூரையைப் பார்த்தார்.

"எழுதிக்கங்கய்யா. பொன்னாயி."

"விதவை பொன்னாயி..."

"யோவ்! எஞ் சம்சாரம் பொன்னாயி. அப்புடி எழுதுறதுன்னா எழுது. இல்லாட்டி விடு."

கிளாக்கர் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சம்சாரம் என்றே எழுதினார்.

அடுத்த மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் அவருக்கு எல்லாம் முடிந்தது. செய்தியை லயத்துக்குக் கொண்டுபோக என்னைத்தான் அனுப்பினார்கள். பாதி மலையில் நானும் உட்கார்ந்துவிட்டேன். இப்படிச் சாவுச் செய்தியோடு ஏறுவதைத்தான் அந்த மனிதர் தினமும் செய்துகொண்டிருந்தார்.

மாதா மாதம் அக்கா பென்ஷன் வாங்க வருவார். கிளாக்கர் எட்டிப் பார்த்து, "நம்ம தந்திக்காரர் சம்சாரம் வந்திருக்காங்க, பெஞ்சில எடம் விடுங்கப்பா" என்பார். விதியில் இருந்த அந்த இன்னொரு வார்த்தை எங்கள் கந்தோரில் யார் வாயிலிருந்தும் வந்ததில்லை.