தையல் அறையைக் காலி செய்ய வேண்டாம், அத்தை

தோட்டக் குடியிருப்பு,
பெடாஸ்.
ஞாயிற்றுக்கிழமை

என்றும் என் மரியாதைக்குரிய குமுதினி அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் ரோகினி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். அங்கே நீங்களும் மாமாவும் நலமா என்று கேட்பது முறை. முந்தாநாள் போனில் பேசும்போதே நீங்கள் இருவரும் மீன் குழம்புக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டதால், நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் போதாதா என்று அம்மா கேட்கிறார். எஸ்.பி.எம். தேர்வின் தமிழ்த் தாளில் உறவுக் கடிதம் வரக்கூடும் என்று எங்கள் ஆசிரியை வள்ளியம்மா சொல்லியிருக்கிறார். இப்படி எழுதினால் செய்தியும் சேரும், எனக்குப் பயிற்சியும் ஆகும்.

செய்தி இதுதான்: அப்பாவுக்கு சபா மாற்றல் இல்லை. நாங்கள் எங்கும் போகவில்லை. எனக்காக உங்கள் தையல் அறையைக் காலி செய்ய வேண்டாம். ஏற்கெனவே செய்துவிட்டிருந்தால், தையல் இயந்திரத்தையும் மாமாவின் தூண்டில்களையும் பழைய இடத்திலேயே வைத்துவிடலாம். அப்பாவும் அம்மாவும் கடல் தாண்டிப் போய்விட, நான் மட்டும் சிரம்பானில் உங்களோடு தங்கித் தேர்வு எழுதுவது என்று முடிவானபோது நீங்கள் காட்டிய அன்பை நான் மறக்க மாட்டேன். விடிவதற்கு முன்பே எழுப்பிவிடுவதாகவும், கைப்பேசியை வாங்கிப் பூட்டி வைப்பதாகவும், தினமும் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு தருவதாகவும் சொன்னீர்கள். பாகற்காய்ச் சாறு உடம்புக்கு நல்லது என்று நானும் படித்திருக்கிறேன். அதைக் குடிக்கும் வாய்ப்பு போய்விட்டதே என்று நான் அழவில்லை என்பதை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் புதிய மின்னஞ்சல். நிறுவனம் தன் தோட்டங்களிலும் ஆலைகளிலும் வேலை செய்கிற அனைவரையும் பழைய மின்னஞ்சலிலிருந்து புதியதற்கு மாற்றப் போவதாக அறிவித்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும், மாமாவும் அதே நிறுவனத்து ஆலையில்தானே இருக்கிறார். பழையதில் ஆபீஸ்காரர்களுக்கு மட்டும்தான் முகவரி இருந்தது. புதியதில் ஆட்களை மேய்க்கிற மண்டோர், டிராக்டர் ஓட்டுநர், ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கும் அக்கா என்று எல்லாருக்கும் உண்டு. விடுப்பு, மாற்றல், எதற்கும் இனிமேல் காகிதம் கிடையாது. அப்பா ஆபீஸ் எழுத்து வேலை பார்க்கும் பெரிய கிராணி என்பதால் எங்கள் தோட்டத்துக்கு அவர் பொறுப்பு. அப்பாவுக்கு நான் பொறுப்பு.

இந்த மாத முதல் சனிக்கிழமை காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடிந்ததும் ஆபீஸ் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தோம். முதலில் வந்தவர் அர்ச்சுனன் மண்டோர்.

“பெரிய எழுத்து ஒன்னு, நம்பர் ஒன்னு, குறி ஒன்னு வரணும் அங்கிள். பாஸ்வர்ட யாருக்கும் சொல்லக்கூடாது,” என்றேன்.

“சரிம்மா,” என்றவர், செம்பனைக் குலைகளை எண்ணுகிற அதே குரலில், களம் முழுவதும் கேட்கும்படி தன் கடவுச்சொல்லைச் சொன்னார்.

“அங்கிள்! சொல்லக்கூடாதுன்னேன்ல?”

“ஒங்கிட்டதானே சொன்னேன். மத்தவன் எதுக்குக் கேட்டான்?”

கடவுச்சொல் மறந்துபோனால் மீட்பதற்கு ஒரு ரகசியக் கேள்வி உண்டு. நீங்கள் வளர்த்த முதல் பிராணியின் பெயர் என்ன என்று அது கேட்டது. மண்டோர் தொப்பியைக் கழற்றினார். “மொத ஆட்ட தீவாளிக்கு அடிச்சாச்சே கிராணி. அது பேர இதுல எழுதுனா மனசு கஷ்டமா இருக்கும் லா,” என்று அப்பாவிடம் சொன்னார். கேள்விக்குப் பதில் வேண்டாம், மறக்கவே மாட்டேன் என்று கடவுச்சொல்லை மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கியில் சாக்கட்டியால் எழுதிக்கொண்டு போனார். மத்தியானம் மழை பெய்தது.

அது சின்னத் தொல்லை. பெரிய தொல்லை நம் பெயர்களில் இருந்தது. நம் அடையாள அட்டையில் ஆண்கள் பெயருக்கு நடுவே ‘ஏ, சாய்கோடு, எல்’ என்றும் பெண்கள் பெயருக்கு நடுவே ‘ஏ, சாய்கோடு, பி’ என்றும் இருக்கிறதல்லவா? இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம். பிறந்ததிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறோம், யாருக்கும் கனத்ததில்லை. புதிய மின்னஞ்சல் மட்டும் சாய்கோட்டை ஏற்க மாட்டேன் என்றது. கோட்டைத் துப்பிவிட்டு, மிச்சமிருந்த இரண்டு எழுத்தையும் குடும்பப் பெயர் என்று முடிவு கட்டியது. ஒரே நாளில் நிறுவனத்துத் தமிழ் ஆண்கள் எல்லாரும் ‘அல்’ குடும்பம் ஆனார்கள், பெண்கள் எல்லாரும் ‘அப்’ குடும்பம் ஆனார்கள். அப்பா திருவாளர் அல்.

நம் குடும்பத்துக்கு அந்தச் சாய்கோடு எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா தனேஸ்வரன், தாத்தா முகுந்தனின் மகன். மாமாவோ முகுந்தன், அவருடைய அப்பா தனேஸ்வரன். உங்கள் கல்யாணப் பத்திரிகையை அச்சடித்தவர், “சார், மாப்பிள்ள பேரும் பொண்ணோட அப்பா பேரும் ஒன்னா இருக்கே, ஆளு வேறதானே?” என்று பதறிப்போய்ப் போன் செய்ததை அப்பா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

புதிய மின்னஞ்சல் அல் குடும்பத்தார் அனைவரையும் பாசத்தோடு ஒரே குழுவாகவும் சேர்த்து வைத்திருந்தது. இது தெரியாமல் அர்ச்சுனன் மண்டோர், டிராக்டர் ஓட்டும் ராமசாமி அண்ணனுக்குத் தன் முதல் மின்னஞ்சலை அனுப்பினார்: “ஆட்டைப் பிடித்துக் கட்டு. கிராணி வீட்டு வெண்டிக்காயைத் தின்றுவிட்டது.” ராமசாமி அல் என்று எழுத வேண்டிய இடத்தில் வெறும் அல் என்று விழுந்துவிட்டது. ஜொகூரிலிருந்து ஒருவர் எந்த ஆடு என்று கேட்டார். பேராவிலிருந்து ஒருவர் எங்கள் பக்கம் ஆடே இல்லை என்று உறுதி கூறினார். கெடாவிலிருந்து ஒருவர் விலைக்குத் தருவீர்களா என்றார். தயவுசெய்து எல்லாருக்கும் பதில் அனுப்பாதீர்கள் என்று ஒருவர் எல்லாருக்கும் பதில் அனுப்பினார். மாலை வரை ஆடு நாடு முழுவதும் திரிந்தது. கடைசியில் தலைமையகத்தில் மின்னஞ்சலைக் கவனிக்கிற யோகேந்திரன் என்பவர் எல்லார் பெயரிலிருந்தும் அல்லையும் அப்பையும் பிடுங்கிப் போட்டார். குடும்பப் பெயர் என்று ஏதாவது வேண்டுமே, அதற்காக அவரவர் அப்பா பெயரை எடுத்து முன்னால் வைத்தார். தாத்தா மோட்டார் சைக்கிள் ஓட்ட, அப்பா பின்னால் உட்கார்ந்து போகிற மாதிரி, முகுந்தன் தனேஸ்வரன் என்று ஆகிவிட்டது அப்பாவின் பெயர்.

அந்தப் பெயருக்கு வந்த முதல் மின்னஞ்சல்தான் மாற்றல் உத்தரவு. அடுத்த மாதத் தொடக்கத்தில் சபாவில் வேலையில் சேர வேண்டும், மறுப்பு இருந்தால் மாதம் முடிவதற்குள் விண்ணப்பிக்கலாம், ஒன்பதாம் எண் பாதுகாப்புச் சப்பாத்து அங்கேயே வழங்கப்படும் என்று இருந்தது. அப்பா ஏழாம் எண் போடுபவர்.

“மொதல்ல சப்பாத்து வரட்டும். கால் அப்பறம் வளந்துக்கும்,” என்று சொல்லிவிட்டு அம்மா சமையலறைக்குள் போனார். பிறகு என் பள்ளிச் சீருடைகளை மட்டும் தனிப் பெட்டியில் மடித்து வைத்தார். வெளியே எடுத்தார். மறுபடியும் வைத்தார். நான் சபாவின் நிலப்படத்தை விரித்து, நமக்கும் அதற்கும் நடுவில் இருக்கிற நீல நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் நீங்கள் போன் செய்து, பிள்ளையை இங்கே விடுங்கள் என்றீர்கள்.

அப்பா மறுப்பு விண்ணப்பம் எழுதினார். மலாயில் நான் பிழை திருத்தினேன். “என் மகள் ஐந்தாம் படிவத்தில் படிக்கிறாள். அவள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். பக்கத்தில் யாராவது உட்கார்ந்து கவனிக்காவிட்டால் சோறு தீர்ந்த பிறகும் வெறும் தட்டைப் பிசைந்துகொண்டிருப்பாள்,” என்று ஒரு பத்தி இருந்தது. இது அதிகாரப்பூர்வக் கடிதத்துக்குப் பொருந்தாது என்று எடுத்துவிட்டேன். நான் குளிக்கப் போனபோது அப்பா அதைத் திரும்பச் சேர்த்துவிட்டார்.

விண்ணப்பம் போக வேண்டியது பணியாளர் பிரிவு அதிகாரி அழகேந்திரனுக்கு. அவருடைய பெயருக்கு ஆங்கிலத்தில் முதல் இரண்டு எழுத்து ஏ, எல். அப்பா அந்த இரண்டையும் தட்டினார், மீதியை இயந்திரமே நிரப்பியது, அப்பா மகிழ்ந்துபோய் அனுப்பிவிட்டார். யோகேந்திரன் பெயர்களிலிருந்து அல்லை எடுத்தாரே தவிர, அல் குழுவைக் கலைக்க மறந்திருந்தார். உத்தரவின் நகலும் வெறும் தட்டும் அல் குடும்பத்தார் அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்தன.

அப்பா அன்று ஆபீசுக்குள் தலை குனிந்தே நடந்தார். ஆனால் ஆடு திரிந்த வழியாகவே ஆறுதலும் வந்தது, அத்தை. தன் மகளுக்கு முட்டையை உரித்துக் கொடுத்தால்தான் சாப்பிடுவாள் என்று ஜொகூர்க்காரர் எழுதினார். ஆடு விலைக்குக் கேட்டவர்கூட, கவலைப்படாதீர்கள் என்று எழுதினார். அர்ச்சுனன் மண்டோர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“யாரு ஒங்கள மாத்துனது? நான் ஒரு மெயில் போடறேன் கிராணி.”

“வேண்டாம்!” என்று நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

மாமா மட்டும் ஒரு வரியும் எழுதவில்லை. அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். “முக்கியமான சமாச்சாரம்னா போன் பண்ணுவான் லா” என்று சொல்லிக்கொண்டு மாமா புதிய மின்னஞ்சலை இன்னும் திறக்கவே இல்லை என நீங்கள் சொன்னது பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நான் அதைச் சொன்னதும் அப்பா சமாதானமாகிவிட்டார்.

நேற்று யோகேந்திரனே அப்பாவுக்குப் போன் செய்தார். அப்பா எல்லாரும் கேட்கும்படி வைத்தார்.

“சார், ஒங்க லெட்டர் எனக்கும் வந்துச்சு. நானும் அல் தானே. கிராணிக்கு எதுக்கு சேஃப்டி சப்பாத்துன்னு யோசிச்சேன். தேடிப் பாத்தா, பேரு முன்ன பின்ன மாறிக் கெடக்கு சார். அது வேற ஒருத்தரோட மாற்றல். இன்னிக்குச் சரியான ஆளுக்கு அனுப்பிட்டேன். நீங்க நிம்மதியா இருங்க.”

“அப்ப நான் எழுதுன விண்ணப்பம்?” என்றார் அப்பா.

“அழகேந்திரன் சார் படிச்சாரு. இது இவரோட மாற்றலாவே இருந்திருந்தாலும் நிறுத்தியிருப்பேன்னாரு. அந்தத் தட்டு சமாச்சாரத்த ரெண்டு தரம் படிச்சாராம்.”

அப்பா போனை வைத்துவிட்டு, மூச்சை இத்தனை நாளும் எங்கேயோ அடகு வைத்திருந்தவர் போல இழுத்து விட்டார். அம்மா சீருடைகளை அலமாரியில் அடுக்கினார். “பாவம், எந்த வீட்டுல உக்காந்து அழறாங்களோ,” என்றார். பதிலுக்குக் காத்திராமல் பாயசத்துக்குச் சேமியா தேடப் போய்விட்டார். சாயங்காலம் மண்டோரின் ஆடு மறுபடியும் வந்து மிச்ச வெண்டிக்காயைத் தின்றது. யாரும் விரட்டவில்லை. நான் நிலப்படத்தை மடித்து வைத்தேன்.

எனவே அத்தை, உங்கள் தையல் அறை உங்களுக்கே. தேர்வு முடிந்ததும் விருந்தாளியாக வருகிறேன். விருந்தாளிக்குப் பாகற்காய் கொடுக்கும் வழக்கம் சிரம்பானில் இல்லை என்று நம்புகிறேன். மாமாவுக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் சந்தோஷமாகச் சண்டை போட்டுக்கொண்டு நீடூழி வாழவும், என்னை மனதார வாழ்த்தவும் வேண்டுகிறேன்.

உங்கள் அன்பு மருமகள்,
ரோகினி

பி.கு.: பிழை பார்ப்பதற்காக மேலே உள்ளதை மறுபடியும் படித்தேன். சந்திப்பிழை இரண்டு இருந்தது, திருத்தினேன். கல்யாணப் பத்திரிகை இருக்கிற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அப்பாவிடம் காட்டினேன். அப்பா அதைப் படித்தார், என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், “ஐயையோ, மச்சான்!” என்றார். பாயசக் கரண்டியோடு நின்ற அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அத்தை, மாமா போடுவது ஒன்பதாம் எண் சப்பாத்துதானே?

போனில் சொன்னால் நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்று அப்பா இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறார். உங்கள் வாசலில் அவர் ஒன்றும் பேசாமல் முழித்துக்கொண்டு நிற்பது அதனால்தான். பதற வேண்டாம். மாமாவை முதலில் புதிய மின்னஞ்சலைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே ஓர் ஆடும், அப்பாவின் விண்ணப்பமும், எல்லாவற்றுக்கும் மேலே அவரைச் சபா போகச் சொல்லும் ஓர் உத்தரவும் இருக்கும். மறுப்புத் தெரிவிக்க இன்னும் நாள் இருக்கிறது. விண்ணப்பம் தயாராகவே இருப்பதால் பெயரைத் திருப்பிப் போட்டு, ‘மகள்’ என்பதை ‘மருமகள்’ என்று மாற்றினால் போதும் என்கிறார் அம்மா. அழகேந்திரன் சாருக்குத் தட்டு ஏற்கெனவே பிடித்திருக்கிறது. ஆனால் அதிகாரப்பூர்வக் கடிதத்தில் பொய் இருக்கக் கூடாது என்பது என் கருத்து. மருமகள் உங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்று எழுதினால், அவள் அங்கே தங்கித்தான் ஆக வேண்டும்.

தையல் அறையைக் காலி செய்துவிடுங்கள். பாகற்காய் மட்டும் சின்னதாகப் பார்த்து வாங்குங்கள்.